வரைபடத்தில் பச்சையாக இருந்த தெரு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கணக்கெடுப்புப் பிள்ளைகளுக்கு,

உங்களுக்குப் பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆளுக்கொரு டேப்லெட்டும் கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டையும் கொடுத்திருப்பார்கள். திரையில் மூன்று பெட்டிகளைப் போட்டுக் காட்டியிருப்பார்கள். வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர், இரண்டிலும் சேராதவர். ஊரில் உள்ள அத்தனை பேரும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் போய் உட்கார்ந்துவிடுவார்கள் என்று குளிரூட்டிய அறையில் நின்று ஒருவர் சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அந்த வயதில் நானும் ஆட்டினேன், அது ஒன்றும் பெரிய குற்றமில்லை.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அரிசிக் கடை வைத்தவர். உங்களைப் போலவே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் களப்பணியாளராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். அந்த மூன்று பெட்டிகள் மேல் எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

விதி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒருவருக்கு வேலை இல்லை என்றால் மட்டும் அவர் வேலையில்லாதவர் ஆகிவிட மாட்டார். அவர் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். தேடாதவர் மூன்றாவது பெட்டிக்குப் போய்விடுவார். மூன்றாவது பெட்டி என்பது பரண் மாதிரி. அங்கே போட்டதை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை.

இந்த விதி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் அழகாக வேலை செய்யும். அங்கே பொறியியல் படித்த பையன் மெத்தையில் சாய்ந்துகொண்டு மடிக்கணினியில் விண்ணப்பம் அனுப்புவான். அம்மா காபி கொண்டுவந்து வைப்பார். நீங்கள் போய்க் கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகச் சொல்வான், அனுப்பிய மின்னஞ்சல்களையும் காட்டுவான். அவன் முழுத் தகுதி பெற்ற வேலையில்லாதவன். நம் கணக்கில் வேலையில்லாதவன் என்று பேர் வாங்குவதற்கே கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் வேலை வேண்டும்தானே. என் கோபம் எல்லாம் வரைபடம் போட்டவர்கள் மேல்தான்.

வரைபடம் போட்டவர் எங்கள் துணை இயக்குநர். பெயர் வேண்டாம், அவர் இப்போது இன்னும் உயர்ந்த நாற்காலியில் இருக்கிறார். நகரத்தைப் பகுதி பகுதியாகவும், மக்களை வயது வயதாகவும் பிரித்து, எங்கே வேலையில்லாதவர்கள் அதிகம், எங்கே வேலைக் காலியிடங்கள் அதிகம் என்று ஒப்பிட்டு அவர் ஒரு வரைபடம் செய்தார். வேலையின்மை அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் பச்சை. அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, தலைப்பிள்ளையைத் தொட்டிலில் பார்க்கிற பார்வை. இளைஞர்களுக்கான படத்தில் தெற்கு முழுக்கச் சிவப்பு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முழுக்கப் பச்சை. அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான படத்தில் வடக்கு அப்படியே நாற்று நட்ட வயல். காலியிடங்களோ அங்கேதான் கொட்டிக் கிடப்பதாகக் காட்டியது.

“நார்த்ல வேலைக்குப் பஞ்சமே இல்ல மேடம். ஆளுங்கதான் பத்தல. சும்மா நம்மாளுங்க சினிமா பாத்துட்டு அந்த ஏரியாவைப் பத்தி அழுதுக்கிட்டு இருக்காங்க” என்றார்.

அவர் எந்த எண்ணத்தோடு வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பச்சையை வைத்து ஒரு முடிவு எடுக்கப் போனார்கள். திருவொற்றியூரில் ஒரு பயிற்சி மையம் உண்டு. கன்டெய்னர் யார்டுகளில் பழைய கிரேனும் ஃபோர்க்லிஃப்ட்டும் ஓட்டி வேலை போனவர்களுக்கு, கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் புதிய பெரிய வண்டியை ஓட்ட இலவசமாகச் சொல்லிக் கொடுத்துச் சான்றிதழ் தருவதாக ஏற்பாடு. நாற்பது தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு தொடங்க இருந்தது. வடக்கில்தான் அந்த வயதில் வேலையில்லாதவர்களே இல்லையே, பிறகு வகுப்பு யாருக்கு என்று கேள்வி வந்தது. அதை நிறுத்திவிட்டுத் தெற்கே இளைஞர்களுக்குக் கணினி வகுப்பு நடத்தலாம் என்று கூட்டத்தில் வைக்கப் போகிறார்கள் என்றார் துணை இயக்குநர். கூட்டம் அடுத்த வாரம்.

எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே சிரிப்பு வந்தது. நான் தினமும் காலையில் பேருந்துக்கு நிற்கும் இடத்தில், வேலைக்குப் போகாத ஆண்கள் டீக்கடை வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அதனால் மறு சரிபார்ப்பு என்ற பெயரில், ஏற்கெனவே கணக்கெடுத்த திருவொற்றியூர்த் தெரு ஒன்றுக்கு நம் களப்பணியாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் உங்களைப் போலப் புதியவர்தான். கேள்விகளைத் தவறில்லாமல் கேட்பவர்.

முதல் வீட்டில் ஸ்டெல்லா என்ற பெண் வாசலுக்கு வந்தார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று களப்பணியாளர் கேட்டார்.

“அவரு வேலைக்குப் போயிகீறாரு” என்றார் ஸ்டெல்லா.

களப்பணியாளர் டேப்லெட்டில் ‘வேலையில் இருப்பவர்’ என்று அழுத்தினார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கற்றுத் தந்த மேலதிகாரி ஒருவர், ஒரு வீட்டில் எதைக் கேட்பதற்கு முன்பும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பழக்கம்தான், அதுவே போதுமானதாக இருந்தது. ஸ்டெல்லா வீட்டு வாசலில் இரும்பு முனை வைத்த கனமான சேஃப்டி ஷூ ஒரு ஜோடி இருந்தது. யார்டு வேலைக்காரர் அதைப் போடாமல் வேலைக்குப் போக மாட்டார். ஷூவின் மேல் தூசு. உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு ஆண் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

களப்பணியாளரை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது.

“தப்பா நெனச்சிக்காத மேடம். பொண்ணுக்கு வரன் வந்துகினு கீது. அப்பன் வூட்ல குந்திகினு கீறாருன்னு தெரிஞ்சா அவனுங்க வாபஸ் வாங்கிடுவானுங்க. அக்கம்பக்கம் காது எல்லாம் வாசல்லதான் கீது” என்று மெதுவாகச் சொன்னார்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் அவர் கணவர் அந்தோணி. நாற்பத்தைந்தைத் தாண்டியவர். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார், புதிய வண்டி வந்ததும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பயிற்சி மையத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வகுப்பு எப்போது என்று காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சான்றிதழ் இருந்தால் யார்டுகளில் வயதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்த வண்டியை ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. காசு கட்டி வெளியில் படிக்க அவருக்கு வழியில்லை.

“வேலை தேடிக்கிட்டு இருக்கீங்களா?” என்று விதிப்படி கேட்டேன்.

“தேடலமா” என்றார்.

“ஏன்?”

“இன்னாமா நீ, மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிகீறேன். அப்பால எங்க போய்த் தேடறது?”

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பயிற்சி வகுப்பில் இது வந்திருக்காது. துறைமுகத்திலும் யார்டுகளிலும் கம்பெனிக்காரன் நேரடியாக ஆள் எடுப்பதில்லை. மேஸ்திரி எனப்படும் ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் எடுப்பான். வேலை வேண்டுமென்றால் ஒரு மேஸ்திரியிடம் சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைத்த பிறகு இன்னொருவரிடம் போய்க் கேட்டால் முதல் மேஸ்திரிக்கு அது அவமானம். என்னை நம்பவில்லையா என்று கேட்டுப் பெயரை அடித்துவிடுவார். இரண்டாவது மேஸ்திரியும், அவனுக்கே உண்மையாக இல்லாதவன் எனக்கு எப்படி இருப்பான் என்று ஒதுக்குவார். ஆகவே சொல்லி வைத்தவர் வாயைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வேலை தேடுவது. நம் டேப்லெட் அவரைப் பரணில் ஏற்றிவிடுகிறது.

அந்தத் தெரு எப்படிப் பச்சையாயிற்று என்று இப்போது தெரிகிறதா? வெட்கப்பட்டவர்கள் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள், உண்மை பேசியவர்கள் தேடவில்லை என்றார்கள். வேலையில்லாதவர் என்ற பெட்டி துடைத்து வைத்தது போல் இருந்தது.

அடுத்து காலியிடங்கள். நமக்கு வந்த பட்டியலில் எண்ணூர்ப் பக்கத்து யார்டுகளுக்கு ஆள் வேண்டும் என்று மூன்று ஒப்பந்தக்காரர்கள் தனித்தனியாகத் தெரிவித்திருந்தார்கள். தம்பிக்கு வேலை கேட்பவள் போல மூவருக்கும் போன் செய்தேன். மூவரும் என் தம்பியை ஒரே கம்பெனியின் ஒரே கேட்டுக்கு வரச் சொன்னார்கள். மூன்றாமவர் மட்டும் கொஞ்சம் நல்லவர். “தனபால் மேஸ்திரிகிட்ட பேசிட்டியாமா? அதே வேலைதான் இது. யார் மொதல்ல ஆளை இஸ்துகினு வர்றாங்களோ அவங்களுக்கு” என்றார். வேலையில்லாத மனிதரைப் பூஜ்யமாக எண்ணிய அலுவலகம், ஒரு காலியிடத்தை மூன்றாக எண்ணியிருந்தது. இதைத்தான் ஒப்பீட்டு ஆய்வு என்று வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் துணை இயக்குநரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த ஆள் தேடலன்னு அவரே சொல்லியிருக்கார். நாம எப்படி மேடம் மாத்த முடியும்? காலியிடம் டூப்ளிகேட்ங்கிறதுக்கு ப்ரூஃப் இருக்கா? ஃபோன்ல யாரோ சொன்னாங்கன்னா எழுத முடியுமா?”

“நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க சார்.”

“வரேன். நானே அவர்கிட்ட நேரா கேக்கறேன். எஸ்னா எஸ், நோன்னா நோ. அதோட முடிச்சிக்கலாம்.”

வந்தார். அதுதான் கொடுமை. அரசு ஜீப்பில், முன்னால் பலகை வைத்து, அந்தக் குறுகலான தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். பதில் சொல்பவரின் ரகசியத்தைக் காப்பது எப்படி என்று வருஷா வருஷம் வகுப்பு எடுப்பவர் இவர்தான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தவர்களில் மல்லு வேட்டி கட்டிய கனத்த ஆள் ஒருவரும் இருந்தார். அவர்தான் தனபால் மேஸ்திரி என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னார். அந்தோணி சொல்லி வைத்திருந்தது அவரிடம்தான்.

அந்தோணி அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டெல்லா கதவு நிலையைப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். துணை இயக்குநர் ஜீப்பிலிருந்து இறங்கியும் இறங்காமலும் உரக்கக் கேட்டார்:

“நீங்க இப்ப வேலை தேடிக்கிட்டு இருக்கீங்களா, இல்லையா? எஸ் ஆர் நோ, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

அந்தோணி மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தேடுகிறேன் என்றால் மேஸ்திரி முகத்தில் அடித்த மாதிரி, தெரு முழுக்கத் தெரிந்துவிடும், பெண்ணின் சம்பந்தமும் போகும். தேடவில்லை என்றால் அவரே தன் வாயால் வகுப்பை இழுத்து மூடியதாகிவிடும். துணை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் அவரைத் திட்டுவதால் அந்தோணிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால் மட்டும் அடக்கிக்கொண்டேன்.

அந்தோணி வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே புகுந்தேன். அவரை விட்டுவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினேன்.

“அண்ணே, நீங்கதானே தனபால் மேஸ்திரி? சார் உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்காரு. இந்த ஏரியாவுல வேலை வேணும்னா எல்லாரும் உங்ககிட்டதான் சொல்லி வைப்பாங்களாமே, நிஜமா?”

மேஸ்திரியின் நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தார்.

“பின்ன இன்னா சார்! இந்தத் தெருல பாதி வூடு நம்மகிட்டதான் சொல்லி வெச்சிகீது. அந்தத் தெரு, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, எல்லாம் நம்ம ஆளுங்கதான். தனபால் சொன்னாத்தான் கேட்டு தொறக்கும். எவன வேணா கேட்டுப் பாரு.”

“இவ்ளோ பேர் சொல்லி வெச்சிருக்காங்களே, எத்தனை பேரை அனுப்பினீங்க அண்ணே?”

“எங்கமா அனுப்பறது? கம்பெனிக்காரன் லோக்கல் ஆளு வாணாங்கிறான். சங்கம் வெப்பானுங்க, சாவுன்னா லீவு போடுவானுங்கன்னு சொல்றான். முப்பது வயசு தாண்டினா கிட்டவே சேக்க மாட்டேங்கிறான். வெளியூரு பசங்களத்தான் கேக்கறான். நான் சொல்லிகினுதான் கீறேன்.”

துணை இயக்குநர் முழுதாக ஜீப்பிலிருந்து இறங்கினார். “காலியிடம் இருக்குன்னு நீங்கதானே தகவல் அனுப்பியிருக்கீங்க?”

“அனுப்பினேன் சார். பத்து ஆளு கேட்டான். அதே பத்த எண்ணூர்காரருகிட்டயும் கேட்டான், டோல்கேட் மேஸ்திரிகிட்டயும் கேட்டான். போட்டியில நானும் அனுப்பாம உட்டா என் பேரு இன்னா ஆவறது?”

தன் பெருமையை நிலைநாட்டும் மும்முரத்தில், நம் அலுவலகம் போட்ட இரண்டு கணக்கையும் அவர் நடுத்தெருவில் உடைத்துப் போட்டார். தெருவில் பாதி வீடு என்று அவர் சொன்னதும் கூட்டத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். நீயுமா என்று கேட்கிற பார்வை. பாதித் தெரு உட்கார்ந்திருக்கும்போது அந்தோணி ஒருவர் உட்கார்ந்திருப்பதில் தனியாக என்ன வெட்கம்? ஸ்டெல்லா கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார்.

திரும்பும் வழியில் துணை இயக்குநர், “நம்ம ஃபீல்டு ஸ்டாஃப் கேள்வியைச் சரியாக் கேக்கலை மேடம். அதான் ப்ராப்ளம்” என்றார். கேள்வியை எழுதியவர்கள் பக்கம் அவர் போகவேயில்லை. நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சில நேரம் வாயை மூடிக்கொண்டால் வேலை நடக்கும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது வகுப்பு. பாராட்டு யாருக்குப் போனால் எனக்கென்ன.

கூட்டத்தில் அவர், தானே களத்துக்கு நேரில் சென்று ஒரு முக்கியமான சமூக உண்மையைக் கண்டுபிடித்ததாகப் பேசினார். கைதட்டினார்கள். திருவொற்றியூர் வகுப்பு தப்பியது. தெற்கத்திப் பிள்ளைகளின் கணினி வகுப்புக்கு வேறு எங்கிருந்தோ வழி செய்தார்கள். மனமிருந்தால் அதற்கும் இடமிருந்திருக்கிறது பாருங்கள். வரைபடத்தை மட்டும் திருத்தவில்லை. மேலே அனுப்பியாயிற்று, இனி மாற்றினால் கேள்வி வரும் என்றார். பச்சை பச்சையாகவே இருந்தது.

அந்தோணி வகுப்பை முடித்தார். சான்றிதழைப் பார்த்ததும் எண்ணூர்ப் பக்கத்து யார்டு ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. லோக்கல் ஆள் வேண்டாம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. அந்தப் பெரிய வண்டி ஆளில்லாமல் நின்றால் யார்டுக்காரனுக்கு நாள் நகராது, அப்போது எல்லா ஊரும் நல்ல ஊராகிவிடும். நான்தான் சொல்லி வைத்தேன் என்று தனபால் மேஸ்திரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும், அவர் வாயால்தான் அந்த வகுப்பே தப்பியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு கடைசியாகப் போன மறு சரிபார்ப்பு அதே தெருவில்தான். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பு. அதே களப்பணியாளர், கையில் புது டேப்லெட். வாசலில் சேஃப்டி ஷூ இல்லை. ஸ்டெல்லா வந்து நின்றார். கையில் மருதாணி, பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்தது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று களப்பணியாளர் கேட்டார்.

“அவரு வேலைக்குப் போயிகீறாரு” என்றார் ஸ்டெல்லா, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க வாசலைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

களப்பணியாளர் போன முறை அழுத்திய அதே இடத்தை அழுத்தினார்.

புது வரைபடம் வந்ததும் துணை இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். திருவொற்றியூர் மேல் பேனாவால் தட்டிக் காட்டினார்.

“பாத்தீங்களா மேடம், போன தடவையும் பச்சை, இந்தத் தடவையும் பச்சை. நம்ம டேட்டா எவ்ளோ கரெக்ட்டா இருக்கு பாருங்க.”